தூக்கு

‘தூங்கு’ என்றால் பழந்தமிழில் தொங்குதல். உறக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். இறங்கு, இறக்கு என்று ஆவதுபோல் தூங்கு பிறவினையாகித் ‘தூக்கு’ ஆனது: தொங்கவிடு. கூட்டைத் தொங்கவிடும் பறவை தூக்கணாங்குருவி. தராசும் தொங்கும் கருவிதான். ஆகவே தூக்குக்கு நிறுத்தல், சீர்தூக்குதல் என்ற பொருளும் உண்டு. கழுத்தில் கயிறிட்டுத் தொங்கவிடும் மரண தண்டனையும் அதே தூக்குதான்.

1996-இல் மலேசியாவில், கோலாலம்பூரின் புடு சிறை மூடப்பட்டு, கைதிகள் சுங்கை பூலோவுக்கு மாற்றப்பட்டார்கள். புடுவில் 1986 ஜூலையில் இரு ஆஸ்திரேலியர்கள் போதைப்பொருள் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டது உலகச் செய்தியானது. அன்று கடத்தல் மெய்ப்பிக்கப்பட்டால் நீதிபதி சீர்தூக்க ஒன்றுமில்லை. 1983 முதல் மரணம் கட்டாயமாக இருந்தது. 15 கிராம் ஹெராயின் இருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும்.

போதையால் பிள்ளையை இழந்த தாய்க்கு நாம் என்ன சொல்வது என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கயிற்றில் சிக்குபவர் பெரும்பாலும் பொட்டலம் சுமந்த கூலிதான், முதலாளி அல்ல. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் சிங்கப்பூரில் 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் கொண்டுபோனது 42.72 கிராம் ஹெராயின். தீர்ப்பு தவறினால் திருத்தவும் வழியில்லை. எனக்குத் தூக்குக்கு எதிரான இந்த வாதமே கனமாகத் தெரிகிறது.

மலேசியாவில் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. தூக்கு ஒழியவில்லை; மாற்றாக 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடமுண்டு.