மேடைக்கு ஏறும் வழி: பிரிவு 29-க்கு ஓர் உரை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் நாடக மேடையைத் தொடும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அச்சரப்பாக்கம் போன்ற ஒரு பேரூராட்சியை மனத்தில் வைத்துப் படிப்போம். இத்தகைய ஊர்களில் நாடகம் பெரும்பாலும் கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூட மேடையிலும் கோயில் திடலிலும்தான் நடக்கிறது.

பிரிவு 2, ‘பொதுக் கட்டடம்’. அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், பொதுமக்கள் புழங்கும் கட்டடம் இதில் அடங்கும். சமயம், பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான இடங்களைச் சட்டம் பெயர் சொல்லியே சேர்க்கிறது. ‘இது பிரைவேட் மண்டபம் சார்’ என்ற பதில் இங்கே செல்லாது.

அதே பிரிவு, ‘தடை’. படிக்கட்டோடு சட்டம் நிற்கவில்லை. தகவல் தொடர்பு, பணம், மனப்பான்மை எல்லாமே தடையாகலாம் என்கிறது. ‘நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போயிடலாம், கவலைப்படாதீங்க’ என்பதை இந்த மனப்பான்மைக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன். சொல்பவர் நல்லவர்தான். ஆனால் தூக்கி உட்கார வைக்கப்பட்டவர் கழிப்பறைக்குப் போக மறுபடியும் அந்த நாலு பேரைத் தேட வேண்டும். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு அவர் தண்ணீர் குடிக்காமல்தான் வர வேண்டியிருக்கும்.

பிரிவு 29, முதல் கூறு. பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமையைப் பேசும் பிரிவு இது. இதன் முதல் கூறு பார்வையாளரைப் பற்றியதல்ல. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் தர வேண்டும் என்பதே அது. கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி ஆக்குவது மூன்றாம் கூறாகத்தான் வருகிறது. எழுதியவர்கள் வேண்டுமென்றே இப்படி வரிசைப்படுத்தினார்களோ என்னவோ, நம் மண்டபங்கள் நேர்மாறாக இருக்கின்றன. வாசலில் சாய்தளம் இருக்கும். சமையல்கட்டுப் பக்கம் பாத்திர வண்டிக்கும் சாய்தளம் இருக்கும். மேடைக்கு இருக்காது. பக்கவாட்டில் ஐந்தாறு படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஏறியதும் திரைக்குப் பின்னால் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து. அதன் முடிவில் ஒப்பனை அறையாக மாறிய மணமகள் அறை. மாற்றுத்திறனாளி பார்க்க வருவார், ஆட வரமாட்டார் என்று கட்டியவரே முடிவு செய்துவிட்டார். பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் சக்கர நாற்காலிக்காரரிடம் கீழே இறங்கி வந்து கொடுப்பதையும் அதற்குக் கிடைக்கும் கைதட்டலையும் பார்த்திருப்பீர்கள். அந்த மேடைக்கு வழி இல்லை என்பதற்குத்தான் கைதட்டுகிறோம்.

பலகை சாய்த்துப் போட்டால் போதாதா? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது அளவு. மூன்றடி மேடைக்கு 36 அடி. இடையில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம். இரு பக்கமும் கைப்பிடி. சிறிய மண்டபத்தில் இதை மடக்கித்தான் கட்ட முடியும். மேடையின் உயரத்தையே குறைப்பது அதைவிட மலிவு.

மூன்றாம் கூறு, கலையை அணுகத்தக்கதாக்குவது. இதற்கு உரை எழுத நம் வட்டாரத்துப் பாரதக் கூத்தே போதும். திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து தரையில் நடக்கிறது. ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே படி இல்லை. திரைக்குப் பின்னால் நின்றபடியே வேஷக்காரர் தான் யார், எப்படிப்பட்டவர் என்று பாடிவிட்டுத்தான் வெளிப்படுகிறார். கட்டியங்காரன் கேள்வி கேட்டு மிச்சத்தையும் வாங்கிவிடுவான். கண் தெரியாதவருக்குத் துரியோதனன் வந்துவிட்டான் என்று பக்கத்தில் இருப்பவர் காதோடு சொல்ல வேண்டியதில்லை. காது கேளாதவருக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் முகவண்ணமும் ஆளைக் காட்டிவிடும். ஆனால் வசனமும் பகடியும் போய்ச் சேராது. அங்கே சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும், அவர் மேல் வெளிச்சமும் வேண்டும். திரைப்பட அரங்குகளில் பார்வை, செவித்திறன் குறைந்தோருக்கான வசதிகளுக்கு ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. திடலில் நடக்கும் நாடகத்துக்கு அதில் இடமில்லை.

பிரிவு 44, 45. விதிப்படி இல்லாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது. பழைய பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் மாற்ற வேண்டும். விதிகள் 2017 ஜூன் 15-இல் வந்தன. கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களைக் கூறும் 15-ஆம் விதியின் முதல் பகுதி சட்டத்துக்கே முரணானது என்று தள்ளியது. கட்டாயம் என்று சட்டம் சொன்னதை விதி வெறும் வழிகாட்டுதலாக நீர்க்கச் செய்துவிட்டது என்பது காரணம். கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது.

பிரிவு 89, தண்டம். முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை. பெரிய மண்டபத்தின் ஒருநாள் வாடகைகூட இதைவிட அதிகம். அடுத்தடுத்த மீறலுக்கு ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை என்பதில்தான் கொஞ்சம் உறைப்பு இருக்கிறது.

பிரிவு 80. உரிமை பறிபோனால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் விசாரிக்கலாம், தாமாகவும் விசாரிக்கலாம். அதற்கு முன்னால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி ஆண்டு விழாவுக்கோ நாடகத்துக்கோ மண்டபம் பேசப் போகும்போது, ஏ.சி. உண்டா, பார்க்கிங் உண்டா என்று கேட்கிறீர்கள் அல்லவா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மேடைக்குச் சாய்தளம் உண்டா என்றும் கேளுங்கள்.