குளிரறை விட்டு வந்த பொறி

வேலை செய்யும் பொருள் யாவும் வெப்பங் கொள்ளும். ஏர் இழுக்கும் எருதும் பாரம் இழுக்கும் புகைவண்டியும் இதற்கு விலக்கல்ல. மனிதனின் மூளைக்குத் துணையாக வந்த கணினியும் இவ்விதிக்கு உட்பட்டதே. கணினியின் வரலாற்றை எழுதுவோர் அதன் வேகத்தையும் நினைவாற்றலையும் பெரிதும் போற்றுவர். ஆயின் அவ்வேகத்திற்குக் காலந்தோறும் எல்லை வகுத்தது வெப்பமே.

இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் இல்லத்து மேசைக் கணினியைத் திறந்து நோக்குவோர், தீப்பெட்டியளவேயான நுண்செயலியின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ள உலோகக் கோபுரம் ஒன்று அமர்ந்திருப்பதைக் காணக்கூடும். செயலியுடன் பெட்டியில் வரும் சிறு கூலரை நீக்கிவிட்டுத் தனியே வாங்கிப் பொருத்தப்படும் பெருங் கூலர் அது. இத்துணைச் சிறிய பொருளுக்கு இத்துணைப் பெரிய துணை ஏன் வேண்டியதாயிற்று? இவ்வினாவுக்கு வரலாறே விடை தருகின்றது.

1946 ஆம் ஆண்டு அமெரிக்காவில் உலகுக்கு அறிமுகஞ் செய்யப்பெற்ற எனியாக் என்னும் கணினி ஏறத்தாழ 18,000 வால்வுகளைக் கொண்டது. சுமார் 150 கிலோவாற்று மின்வலுவை உண்டது. உண்ட மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்பட்டமையின், அதனைப் போக்குதற்குப் பெரிய ஊதுவிசிறிகள் இடைவிடாது இயங்கின. வால்வு சூடேறினாலன்றித் தொழிற்படாது. மிகச் சூடேறின் பழுதாகும். இவ்விரண்டுக்கும் நடுவிலேயே முதற் கணினிகளின் வாழ்வு அமைந்தது.

1947 இல் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் உருவானபோது இத்தொல்லை நீங்கிவிட்டதெனப் பலர் கருதினர். தனித்த ஒரு திரான்சிற்றர் வெளியிடும் வெப்பம் மிகச் சிறிதே. எனினும் ஆயிரக்கணக்கான திரான்சிற்றர்கள் ஒருங்கே கூடியபோது அச்சிறிது பெரிதாயிற்று. ஆதலின் அக்காலப் பெருங் கணினிகள் வளி பதனப்படுத்திய அறைகளில் வைக்கப்பட்டன. 1902 இல் வில்லிஸ் கரியர் என்பார் நியூயோர்க்கில் அச்சகமொன்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த அமைத்த முறை, அரை நூற்றாண்டின் பின் கணினிக்கு அடைக்கலம் அளித்தது. இலங்கையில் 1960களின் பிற்பகுதியில், பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க அவர்களின் காலத்தில், அரச பொறியியற் கூட்டுத்தாபனம் கணினியைக் கொழும்புக்குக் கொணர்ந்தது. அக்காலத்தில் அத்தகைய பொறி ஒரு தனி மனிதரின் உடைமையன்று, நிறுவனத்தின் உடைமை. அதன் குளிரறைக்கு வேண்டிய செலவையும் நிறுவனமே ஏற்றது.

1971 இல் இன்ரெல் நிறுவனத்தின் 4004 என்னும் நுண்செயலி வெளிவந்தது. 2,300 திரான்சிற்றர்கள் ஒரு விரல்நகத்தினும் சிறிய சிலிக்கன் துண்டில் அடங்கின. பத்தாண்டுகளின் பின், 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டது. அதன் செயலிக்கு விசிறியுமில்லை, உலோகத் தட்டுமில்லை. மின்வழங்கிப் பெட்டியில் இருந்த ஒரு விசிறியே போதியதாயிற்று. இவ்வாறு கணினி குளிரறையை விட்டு வெளியேறி, அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் பின்னர் இல்லத்துக்கும் வந்தது. ஆனால் அறையை விட்டு வந்த பொறி வெப்பத்தை விட்டு வரவில்லை.

திரான்சிற்றர் சிறுக்குந்தோறும் அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் குறையுமாதலின், ஒரு குறித்த பரப்பில் எழும் வெப்பம் பெருகாது என்பதை 1974 இல் றொபேட் டெனாட் என்பாரும் அவர்தம் குழுவினரும் எடுத்துக் காட்டினர். ஆயினும் வேகத்தில் எழுந்த போட்டி இச்சமநிலையை மெல்ல மெல்லக் குலைத்தது. 1993 இல் வந்த முதற் பென்ரியம் செயலி ஏறத்தாழ 15 வாற்று வெப்பத்தை வெளியிட்டது. 2004 இல் வந்த பென்ரியம் 4 வகைகளுட் சில 100 வாற்றைக் கடந்தன. திரான்சிற்றர் மிக நுண்ணியதாகிய நிலையில், அது மூடியிருக்கும்போதும் மின்னோட்டம் கசியத் தொடங்கியமையே இதற்கு ஒரு பெருங் காரணம். அவ்வாண்டிலேயே இன்ரெல் நிறுவனம் 4 கிகாஹேட்ஸ் வேகமுடைய பென்ரியம் 4 செயலியை வெளியிடும் எண்ணத்தைக் கைவிட்டது. 2005 முதல் ஒரு கருவின் வேகத்தை உயர்த்துவதினும் பல கருக்களை ஒரு செயலியில் அமைப்பதே வழக்காயிற்று. கணினி வரலாற்றின் போக்கையே வெப்பம் மாற்றியமைத்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இங்ஙனம் பெருகிய வெப்பத்தைக் கடத்த உதவியது வெப்பக்குழாய் ஆகும். 1942 இல் றிச்சாட் கோக்லர் என்பார் இதன் கருத்தை ஆக்கவுரிமைக்கு முன்வைத்தார்; 1963 இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் அதனைத் தாமே கண்டு செய்து காட்டினார். வளி அகற்றி மூடப்பட்ட செப்புக் குழாயினுள் சிறிதளவு நீர் இருக்கும். செயலியை அடுத்த முனையில் அந்நீர் ஆவியாகும். அவ்வாறு ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் 2,000 யூலுக்கு மேற்பட்ட மறைவெப்பத்தை உட்கொள்ளும். ஆவி மறுமுனையை அடைந்து ஒடுங்கி, அவ்வெப்பத்தை அலுமினியத் தகடுகளிடம் ஒப்படைக்கும். நீர் மயிர்த்துளை விளைவினால் மீண்டும் பழைய முனைக்கு வரும். கொழும்புக் கோட்டை அலுவலகங்களில் ஒருகாலத்தில் ஏவலாளர் இழுத்த பங்கா, உடலின் வியர்வையை ஆவியாக்கியே குளிர்ச்சி தந்தது. வியர்வையற்ற உலோகத்துக்கு வெப்பக்குழாயே வியர்வை எனலாம்.

2014 இல் ஒஸ்திரிய நாட்டு நொக்ருவா நிறுவனம் வெளியிட்ட என்.எச்.-டி15 என்னும் கூலர் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உயரம் 165 மில்லிமீற்றர். இரு விசிறிகளுடன் எடை 1,320 கிராம். அதிலுள்ள வெப்பக்குழாய்கள் ஆறு.

இத்தகைய கூலரைப் பொருத்தும் முறையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. கணினிப் பெட்டியின் அகலமும் நினைவகத் தட்டுகளின் உயரமும் முதலில் அளக்கப்படல் வேண்டும். இன்றேல் வாங்கிய கூலர் உள்ளே அடங்காது. தாய்ப்பலகையின் பின்புறத்தில் ஓர் உலோகத் தட்டு வைக்கப்படுவது, பாரம் முழுவதும் மெல்லிய பலகையின் மேல் விழாமற் காத்தற்கு. பழைய பசை மதுசாரத்தால் துடைக்கப்பட்டு, புதிய வெப்பப்பசை ஒரு பட்டாணியளவே இடப்படும். செயலிக்கும் கூலருக்கும் இடையே கண்ணுக்குப் புலனாகா இடைவெளிகளில் தங்கும் வளி வெப்பத்தை எளிதிற் கடத்தாது. அவ்வளியை வெளியேற்றுவதே பசையின் தொழில். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளை உரிக்க மறப்பின் அனைத்தும் வீணாகும். திருகாணிகளை ஒரு பக்கமாக முற்றும் முறுக்காது, மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால் அழுத்தம் சமமாகப் பரவும். விசிறியின் காற்று முன்னிருந்து பின்னோக்கிச் சென்று பெட்டியின் பின்வாயிலால் வெளியேறல் வேண்டும். பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் பொருத்திய கணினியை முச்சக்கர வண்டியில் வீட்டுக்குக் கொண்டு செல்பவர், பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தல் நன்று. அப்பொழுது கூலரின் பாரம் பலகையை வளைக்காது.

இனி, கொழும்புக்கே உரிய இடர் ஒன்றுண்டு. சூடான பொருள் ஆறும் வேகம் அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என 1701 இல் நியூற்றன் கூறினார். ஆகவே எத்துணைப் பெரிய கூலரும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொணர இயலாது. 150 வாற்று வெளியிடும் செயலி ஒன்றை ஒரு கூலர் சூழலினும் 45 பாகை மேலாக வைத்திருக்கிறது எனக் கொள்க. 20 பாகையுள்ள இலண்டன் அறையில் அச்செயலி 65 பாகையில் நிற்கும். 32 பாகையுள்ள வெள்ளவத்தை அறையிலோ 77 பாகையை எட்டும். இன்றைய செயலிகள் 100 பாகையை அணுகும்போது தம்மைக் காத்தற்பொருட்டுத் தாமே வேகத்தைக் குறைத்துக் கொள்வன. 2022 இல் வந்த இன்ரெல் 13900கே போன்றவை முழு வேகத்தில் 253 வாற்று வரை கொள்ளுமாதலின், அவ்வெல்லை தொலைவில் இல்லை. ஆகவே ஒரே விலை கொடுத்து ஒரே செயலியை வாங்கிய இருவருள், வெப்பநாட்டவர் குறைந்த வேகத்தைப் பெறுவதும் நிகழலாம்.

அறை முழுவதையும் குளிரூட்டுதல் ஒரு வழியே. ஆயின் குளிரூட்டி ஒன்று ஆயிரம் வாற்றளவில் மின்சாரம் உண்ணும். பெருங் கூலரின் விசிறிகளோ ஓரிரு வாற்றளவே கொள்வன. 2022 இன் நீண்ட மின்வெட்டுகளையும் அதன் பின் உயர்ந்த மின்கட்டணத்தையும் கண்ட நகரத்துக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. எனினும் கூலரைப் பொருத்தியதோடு கடமை முடிவதில்லை. காலி வீதியின் தூசி தகடுகளுக்கிடையே படிந்து காற்றை மறிக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்கும். சில மாதங்களுக்கொருமுறை தூசி துடைப்பதும், பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் காற்றோட்டமான இடத்தில் வைப்பதும் விலையில்லாத மருந்துகள்.

முதற் கணினிகளுக்குக் குளிரறை கட்டி அதன் செலவை ஏற்றவை நிறுவனங்கள். இன்று அப்பொறுப்பு ஒவ்வொரு மாணவனின் மேசைக்கும் வந்து சேர்ந்துள்ளது. குளிர்நாட்டில் வகுக்கப்பட்ட அளவை அப்படியே ஏற்காது, தன் நாட்டு வெப்பத்தைக் கணக்கிற்கொண்டு பொறியை அமைப்பவனே அதன் முழுப் பயனையும் பெறுவான். கருவி எங்கிருந்து வரினும், அது இயங்க வேண்டியது இந்நாட்டுக் காற்றிலேயாம்.