காதோடு சொன்ன சங்கீர்த்தனம்

தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் இருக்கிற கத்தோலிக்க வீடுகளில், தவக்காலம் வந்துவிட்டால் ஒரே காரியத்துக்கு நாலு பெயர் காதில் விழும். பாட்டி, "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்து நன்மை வாங்கு" என்பார்; நன்மை என்று அவர் சொல்வது நற்கருணையை. பங்கு ஆலயத்தின் அறிவிப்புப் பலகை "ஒப்புரவு அருட்சாதனம்" என்று எழுதி நேரம் போட்டிருக்கும். கான்வென்டில் படிக்கும் பேத்திக்கு அது "கன்ஃபெஷன்". மாடியில் குடியிருக்கும் மலையாளக் குடும்பத்துக்குக் "கும்பசாரம்". நாலும் குறிப்பது செய்த பாவத்தைக் குருவானவரிடம் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புப் பெறுவதைத்தான். ஆனால் நாலுக்கும் பிறந்த வீடு வேறு வேறு. பாவத்தைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக என்ன நினைத்து வந்தார்கள் என்பதை இந்தப் பெயர்களை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

கும்பசாரம் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். "கொன்ஃபெசார்" என்ற அவர்கள் வினைச்சொல் மலையாள வாயில் புகுந்து இப்படி ஆயிற்று. தமிழிலும் முதலில் அந்த வழிதான். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' இரண்டையும் தமிழ் அச்சு வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். அடுத்து 1580இல் வந்த நூலை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதன் பெயர் 'கொம்பெசியோனாயரு'. பாவத்தை எப்படி நினைத்துப் பார்ப்பது, எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுக்கும் கையேடு. மூன்றுக்கும் பின்னால் இருந்தவர் அன்றீக்கே அன்றீக்கசு என்ற இயேசு சபைப் பாதிரியார். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே அரை நூற்றாண்டுபோல் உழைத்து 1600இல் இறந்தவர்.

அச்சுக்கலை தமிழுக்கு வந்ததும் பாவத்தைச் சொல்லும் முறைக்கு ஒரு புத்தகம் போட்டது ஏன்? பிரசங்கத்தை துபாசி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவர், வைத்து நடத்தலாம். சவேரியார் அப்படித்தான் நடத்தினார். பாவத்தைச் சொல்ல துபாசி வைத்துக்கொள்ள முடியுமா? பக்கத்துத் தெருக்காரன் மொழிபெயர்க்க, இன்னொருவன் வீட்டில் திருடியதைச் சொல்ல எந்த மீனவனும் வரமாட்டான். அதனால் பாதிரி தமிழ் கற்க வேண்டியிருந்தது. அன்றீக்கசு துபாசி இல்லாமல் பேசக் கற்றுக்கொண்ட முதல் ஐரோப்பியர்களில் ஒருவர். அவர் தமிழைக் கற்றதற்கு இலக்கண ஆர்வத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். இந்த அந்தரங்கத் தேவைக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அவர் அச்சிட்ட அந்த முறையும் சபையின் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. முதல் நூற்றாண்டுகளின் சபையில் கொலை, விபசாரம், மறுதலிப்பு போன்ற பெரும் பாவங்களுக்குத் தவம் ஊரறிய நடந்தது. தனித்தனியாக, திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கம் அயர்லாந்துத் துறவிகள் வழியாகப் பரவியது. ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லியாக வேண்டும் என்று 1215இல் நாலாம் லாத்தரன் சங்கம் சட்டம் வைத்தது. நடுவில் கம்பித் தடுப்பு வைத்த மரக்கூண்டை ஒழுங்குபடுத்தியவர் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமேயோ. அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் நூலில் எழுதியது 1577இல். மூன்றே ஆண்டில் கொச்சியில் தமிழ்க் கையேடு அச்சாகிறது. ஐரோப்பாவின் பழைய வழக்கம் நமக்கு வந்ததாக நினைக்கிறோம். அந்தக் கூண்டைப் பொறுத்தவரை அவர்களுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே காலம்தான்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி போர்த்துக்கீசியச் சொற்களை ஓரங்கட்டி, வடமொழிச் சாயலுள்ள சொற்களை முன்னே கொண்டுவந்தார். அந்த வழியில் நிலைத்த சொற்களில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் பலர் கூடி, தாளம் போட்டு, இறைவன் பெயரை உரக்கப் பாடுவது. கீர்த்தி, கீர்த்தனை எல்லாம் அதே வேர். முழங்காலில் நின்று, குரலைத் தாழ்த்தி, ஒரே ஒருவர் காதில் விழும்படி சொல்லும் காரியத்துக்கு இந்தப் பெயரா?

மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தாத பெயர். ஆனால் லத்தீனில் "கொன்ஃபெசியோ" என்பதற்கும் இந்த இரட்டைப் பொருள் உண்டு. பாவத்தை அறிக்கையிடுவதும் அதுதான், கடவுளைப் புகழ்வதும் அதுதான். அகஸ்தீனார் நாலாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தன்வரலாற்றுக்கு அந்தப் பெயரை வைத்தது இரண்டு பொருளையும் மனத்தில் வைத்தே. வடமொழி கீர்த்தனத்துக்கும் எடுத்துச் சொல்லுதல், புகழ்தல் என்ற இரண்டும் உண்டு. இந்தச் சொல்லைத் தேர்ந்தவர் யாராயிருந்தாலும் லத்தீனும் வடமொழியும் ஒருசேரத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சீர்திருத்த சபையார் அதே வேரை வேறு பக்கம் கொண்டுபோனார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் மரபில் கீர்த்தனை என்றால் பாட்டு, இன்றும் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பாமாலையோடு கீர்த்தனையும் பாடுகிறார்கள். ஆக, ஒரு சபையில் கீர்த்தனையை உரக்கப் பாடுகிறார்கள், இன்னொன்றில் சங்கீர்த்தனத்தைக் கிசுகிசுக்கிறார்கள்.

இப்படி இரவல் வாங்கிய சொல்லோடு அதன் பழைய சமயமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடாதா? இந்தக் கேள்வி உலக அளவில் வெடித்த இடம் தாம்பரம். 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அந்தப் புதிய வளாகத்தில் அனைத்துலக மிஷனெரி மன்றம் கூடியது. சீனாவில் நடக்க வேண்டிய மாநாடு, ஜப்பானோடு போர் மூண்டதால் இங்கே வந்தது. அதற்கென்றே புத்தகம் எழுதி வந்த ஹாலந்துக்காரர் ஹென்றிக் கிரேமர், கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்றார். சென்னையின் பி. செஞ்சய்யா, வி. சக்கரை முதலியோர் அதே 1938இல் ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டு மறுத்தார்கள். சக்கரை இயேசுவை அவதாரம் என்ற சொல்லாலேயே விளக்கி முன்பே புத்தகம் எழுதியவர். அந்த வாதத்தை அறிஞர்கள் இன்னும் அலசுகிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: தமிழைப் பொறுத்தவரை அந்த வழக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. பாவம், இரட்சிப்பு, பூசை, சங்கீர்த்தனம் என்று வாயைத் திறந்தாலே தொடர்ச்சிதான். கிரேமர் கட்சிக்காரர் தமிழில் ஜெபம் செய்ய வேண்டுமானால் தோற்றுவிட்டுத்தான் செய்ய முடியும்.

பாட்டியின் ஜெபப் புத்தகத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு குடும்பமே இருந்தது. பாவத்தில் சாவான பாவம், அற்பப் பாவம். கோவிலுக்குப் புறப்படுமுன் ஆத்தும சோதனை. குருவானவர் முன் உத்தம மனஸ்தாபம். கடைசியில் அவர் விதிக்கும் அபராதம். வெளியே இந்தச் சொற்கள் அடைந்த கதி தனி. மனஸ்தாபம் இன்று பாவத்துக்காக வருந்துவதன்று; கல்யாணத்தில் பத்திரிகை வைக்காத சித்தப்பாவோடு ஏற்படுவது. அபராதம் ஹெல்மெட் போடாமல் குரோம்பேட்டை சிக்னலில் மாட்டினால் கட்டுவது. சோதனையோ ஆரம்பத்திலிருந்தே இரட்டை வேலை பார்த்தது. வடமொழியில் சோதனம் என்றால் சுத்தம் செய்தல். தமிழ்க் கிறிஸ்தவத்தில் பாவத்துக்கு இழுப்பதும் சோதனை, பாவத்தில் விழுந்தோமா என்று உள்ளே தேடிப் பார்ப்பதும் சோதனை. பழைய பைபிளில் சாத்தானுக்குச் சோதனைக்காரன் என்றே பெயர். கிரேக்க மூலச் சொல்லுக்கும் இந்தக் குழப்பம் உண்டு என்பதால் மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல முடியாது. அடியாரைச் சிவன் சோதிக்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊரில், சோதிப்பவர் கடவுளா சாத்தானா என்று மக்கள் அவ்வளவு அலட்டிக்கொள்ளவும் இல்லை.

சி.எஸ்.ஐ.யில் மரக்கூண்டு கிடையாது. சபை முழுவதும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும். ஆயர் மன்னிப்பை அறிவிப்பார். அறிக்கை என்ற நல்ல தமிழ்ச் சொல்லைக் கட்சித் தலைவர்கள் தினமும் விட்டு விட்டு மெலிய வைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் கல்யாண மண்டபத்திலும் மொட்டை மாடிக் கொட்டகையிலும் கூடுகிற பெந்தெகொஸ்தே சபைகளில் இன்னொரு வழி: சாட்சி. குடித்தது, மனைவியை அடித்தது, பிறகு மனம் திரும்பியது எல்லாவற்றையும் ஒருவர் மைக்கில் சொல்வார்; கூட்டம் அல்லேலூயா போடும்; கீபோர்டு சேர்ந்துகொள்ளும். சங்கீர்த்தனம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள நிகழ்ச்சி அதுதான். பெயர் மட்டும் கத்தோலிக்கரிடம் இருந்தது.

அவர்களும் அதைக் கைவிட்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாடு தமிழுக்கு வந்தபோது, தனித்தமிழ்க் காற்றும் சேர்ந்து அடித்தது. தேவதிரவிய அனுமானம் அருட்சாதனம் ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. அவஸ்தைபூசுதல் நோயில்பூசுதல் ஆயிற்று. கடைசி மாற்றத்துக்காக நோயாளிகள் நன்றி சொல்லியிருப்பார்கள். 1973இல் ரோமாபுரி இந்தச் சடங்கைத் திருத்தி, சொல்லுதல் என்பதைவிட மீண்டும் உறவாதல் என்பதை முன்னே நிறுத்தியது. தமிழில் அதற்கு அமைந்த சொல் ஒப்புரவு.

திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே பாவமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஊருக்குப் பொதுவான குடிநீர்க் குளமும், நடு ஊரில் பழுத்த மரமும் போலச் செல்வம் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதே பேச்சு. நூல் சொல்லித் தெரிவதல்ல, உலக நடையைப் பார்த்துத் தானே அறிந்து செய்வது என்று பரிமேலழகர் விளக்குவார். இதே சொல்லை சமாதானமாதல் என்ற பொருளில் முதலில் எடுத்துக்கொண்டவர்கள் சீர்திருத்த சபையாரே. அவர்களுடைய பழைய பைபிளில், காணிக்கை செலுத்த வந்தவன் தன்மேல் குறையுள்ள சகோதரனோடு முதலில் ஒப்புரவாக வேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் வருகிறது. குறளிலிருந்து பைபிளுக்கு, பைபிளிலிருந்து கத்தோலிக்கச் சடங்குக்கு என்று மூன்று வீடு மாறிய சொல் இது.

ஒப்பு என்ற அடியைப் பாருங்கள். ஒப்புக்கொள்ளுதல் குற்றத்தை ஏற்பது. ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்துச் சொல்; போலீஸ்காரரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்து இன்றைய புதிய சட்டம் வரை விதி இருக்கிறது; மாஜிஸ்திரேட் முன் கொடுத்தால் செல்லும். வலிமை உள்ளவன் காதில் தனியாகச் சொல்வதன் ஆபத்து சட்டத்துக்குத் தெரிகிறது. 2018இல் கேரளக் குருமார் சிலர்மேல் எழுந்த பாலியல் புகாரை அடுத்து, கும்பசாரத்தையே நிறுத்த வேண்டும் என்று தேசிய மகளிர் ஆணையம் பரிந்துரைத்ததும் இந்த ஆபத்தைக் காட்டித்தான். ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தடை செய்வது தீர்வு என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மத விரோதம் என்று தள்ளிவிட முடியாது.

ஒப்புக்கு முதற்பொருள் சமம். சமமாக இருப்பவர்களுக்கிடையில்தான் ஒப்புரவு. இங்கேதான் புதிய பெயர் சபையை வசமாக மாட்டிவிடுகிறது. வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார, கால்சட்டையின் இரு கால்கள்போல ஆலயம் கட்டினார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொள்கிறது. தாம்பரமும் பல்லாவரமும் அடங்கிய செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல் உருவானது. அதன் மக்களில் தலித் கத்தோலிக்கர் பெருந்தொகை. அவர்கள் வீட்டுப் பெண்ணை மணக்க மறுப்பவர் பொய்யையும் கோபத்தையும் பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டு, அபராதத்தைத் தீர்த்து, நன்மை வாங்கி வீடு திரும்பலாம். பாவசங்கீர்த்தனம் என்ற பெயருக்கு அது போதும்.

1973ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு வகை உண்டு: எல்லோரும் ஆலயத்தில் கூடி, ஆத்தும சோதனைக்கான கேள்விகளை ஒருவர் வாசிக்கக் கேட்டு, பிறகு தனித்தனியே குருவிடம் போவது. தவக்காலத்தில் பல பங்குகளில் இப்படித்தான் நடக்கிறது. அந்தக் கேள்விகளில் கல்லறைச் சுவரையும், கல்யாணத்துக்குச் சாதி பார்ப்பதையும் சேர்க்க ரோமாபுரியின் உத்தரவு வேண்டியதில்லை. பங்குக் குருவும் மறைக்கல்வி சொல்லித்தரும் வேதியரும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினால் ஆயிற்று.