ஸெர்கே புரோகுதின்-கோர்ஸ்கியின் வர்ணப் படங்கள்

வர்ணங்களைத் தனித்தனியே பிரித்துப் பதிவு செய்து, பின்னர் ஒன்றுசேர்த்துக் காட்டலாம் என்னும் தத்துவத்தை ஸ்காட்லாந்து தேசத்து விஞ்ஞானி மாக்ஸ்வெல் 1861-லேயே பிரத்தியட்சமாக நிரூபித்திருந்தபோதிலும், அதை ஆராய்ச்சிச்சாலையிலிருந்து வெளியே எடுத்துச் சென்று, ஒரு மகா சாம்ராஜ்யத்தின் நதிகள்மீதும் மடாலயங்கள்மீதும் குடிமக்கள்மீதும் பிரயோகித்துப் பார்க்கத் துணிந்தவர், 1863-ல் ருஷ்யாவில் பிறந்த ஸெர்கே புரோகுதின்-கோர்ஸ்கி என்ற ரஸாயன நிபுணர். 1902-ல் பெர்லினுக்குச் சென்று பேராசிரியர் மீத்தேயிடம் இவ்வித்தையைப் பயின்று திரும்பிய அவர், நீண்ட கண்ணாடித் தகடு ஒன்றில், நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்று நிறக் கண்ணாடிகளின் வழியே ஒரே காட்சியை அடுத்தடுத்து மூன்று தடவை பதிவு செய்வார். மூன்றுமே பார்வைக்கு வெறும் கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம். அவற்றை அந்தந்த நிற ஒளியால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தால், வர்ணங்கள் அனைத்தும் அங்கே பிரகாசிக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையில் உலகம் காத்து நிற்பதில்லை. ஆகவே, அவருடைய படங்களில் கோபுரங்களும் பாறைகளும் நிச்சலனமாய் நிற்க, ஓடும் நீரின்மேல் மாத்திரம் நிறங்கள் பிரிந்து நெளிவதைக் காண்கிறோம். நிபுணர்கள் இதைக் குறை என்பார்கள். கழிந்த சில வினாடிகளின் தடயம் என்று நான் அதை ரஸிப்பதுண்டு.

1908-ல் யாஸ்னயா போல்யானாவில் அவர் எடுத்த டால்ஸ்டாயின் வர்ணப்படம் அவருக்குப் பெரும் கீர்த்தியைத் தேடித் தந்தது. மறுவருஷம் நிக்கலஸ் சக்கரவர்த்தி அவரை அழைத்து, படங்களைக் கண்டு மகிழ்ந்து, இருட்டறையுடன் கூடிய ரயில் பெட்டியையும், தடைப்பட்ட பிரதேசங்களில் பிரவேசிக்க அனுமதிச் சீட்டுகளையும் அளித்தார். வோல்கா நதி, யூரல் மலை, துருக்கிஸ்தானம் என்று அந்த யாத்திரை நீண்டது.

1911-ல் புகாரா அமீர் ஆலிம் கான், புஷ்பங்கள் பொறித்த நீலப் பட்டங்கி தரித்து, வாளின்மேல் கைவைத்து, அசையாமல் அவர்முன் அமர்ந்தார். சமஸ்தானாதிபதிகளுக்கு நெடுநேரம் அசையாதிருக்கும் அப்பியாசம் இருக்குமோ என்னவோ, அப்படத்தில் நிறங்கள் சிறிதும் பிசகவில்லை. ஆனால் அமீரின் சிம்மாசனம் நிலைக்கவில்லை. 1920-ல் செஞ்சேனை புகாராவைக் கைப்பற்றவே, அவர் தப்பியோடிக் காபூலில் அடைக்கலம் புகுந்தார். படமெடுத்தவரோ ருஷ்யப் புரட்சிக்குப்பின் 1918-லேயே தாய்நாட்டை நீத்து, இறுதியில் பாரிஸ் நகரில் குடியேறியிருந்தார். இருவரும் காலமானது 1944-ல், ஒருவர் காபூலிலும் மற்றவர் பாரிஸிலும்.

ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆதரவில் சேகரித்த அத்தகடுகளை, 1948-ல் புரோகுதின்-கோர்ஸ்கியின் வாரிசுகளிடமிருந்து விலைக்கு வாங்கியது அமெரிக்கக் காங்கிரஸின் நூலகம்.