பதிவேட்டில் ஏறாத நோய்: மலையகத் தோட்டங்களும் உட்செவிப் பாதிப்பும்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் சுகாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வாந்திபேதி, வைசூரி, கொழுக்கிப்புழு நோய் என்பவற்றையே முதன்மைப்படுத்துவர். உயிரைக் குடித்தனவும் உழைப்பைக் குன்றச் செய்தனவுமான நோய்களே நிருவாகத்தின் கண்ணிற் பட்டன. தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் குறித்து 1872 இலும் 1912 இலும் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளையில் தொடங்கியது. ஆயின், உயிரை விட்டுவிட்டுச் செவியை மாத்திரம் கவர்ந்து சென்ற காய்ச்சல்களின் வரலாறு யாது? இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

உட்செவியில் இரு உறுப்புகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நத்தை ஓடுபோற் சுருண்டது ஒலியை உணர்கிறது. அரைவட்டக் கால்வாய்களைக் கொண்டது உடலின் சமநிலையைக் காக்கிறது. ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மனிதரில் அவை மீள முளைப்பதில்லை. கூகைக்கட்டின் பின் செவிடு நேர்வதை 1860 இல் இலண்டன் வைத்தியர் ரொயின்பி குறித்தார். தலைச்சுற்று உட்செவியிலிருந்தும் எழலாமென 1861 இல் பிரெஞ்சு வைத்தியர் மெனியர் எடுத்துரைத்தார். கூகைக்கட்டுக்குக் காரணம் வைரசே என்பது 1934 இலேயே நிறுவப்பட்டது. 1941 இல், சிட்னியைச் சேர்ந்த கண் வைத்தியர் நோர்மன் கிரெக், கருவுற்ற தாய்க்கு வரும் றுபெல்லா எனும் ஜேர்மன் சின்னமுத்து குழந்தையின் கண்ணைக் கெடுப்பதை வெளிப்படுத்தினார். அத்தகைய குழந்தைகள் பலர் செவிப்புலன் இழந்து பிறந்தமையும் விரைவில் தெரியவந்தது. சின்னமுத்தும் இவ்வரிசையிற் சேர்ந்ததே.

இனி அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களை நோக்குவோம். லயத்தில் ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். சுவருக்கு அப்பால் மற்றொன்று. இருமலாலும் மூச்சாலும் தொற்றும் வைரசுக்கு இதனினும் வாய்ப்பான இடம் அரிது. முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் வார்த்ததும் நோய் தீர்ந்ததென்றே கொள்ளப்பட்டது. பின்னர் செவி மந்தமானால், முன்வந்த காய்ச்சலோடு அதனை இணைத்து நோக்குவார் அரியர். அதிகாலையிற் தப்படித்துப் பெரட்டுக்கு அழைத்த காலத்தில், அவ்வொலி கேளாதவர் பிந்துவர். பிந்தியவருக்கு அன்றைய பேர் உறுதியன்று. செங்குத்தான மலையிற் கொழுந்துக்கூடை சுமப்பவருக்குத் தலைச்சுற்று உயிராபத்தாகவும் முடியும்.

என் பாட்டியார் அட்டனை அடுத்த தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர். சிறுவயதிற் 'பொன்னுக்குவீங்கி' வந்து போனபின் இடக்காது கேட்கவில்லையெனக் கூறுவார். அழைப்பவர் பக்கம் அவர் வலக்காதைத் திருப்புவதை, நாங்கள் நெடுங்காலம் அவரது செருக்கென்றே எண்ணியிருந்தோம். கூகைக்கட்டு பெரும்பாலும் ஒரு செவியையே கெடுக்கிறது. மறுசெவியால் வாழ்ந்துவிடும் ஒருவர் எந்த நோய்க்கணக்கிலும் இலகுவில் இடம்பெறார்.

எனினும் மிகைப்படுத்தல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. மலேரியாவுக்கு உட்கொண்ட குயினைனும் காதிரைச்சலையும் செவிமந்தத்தையும் விளைக்கும்; காசநோய்க்கு ஏற்றப்பட்ட ஸ்ரெப்டோமைசின் உட்செவியை நிலையாகவே கெடுக்கக்கூடும். திடீர்ச் செவிட்டுக்கும் சமநிலை நரம்பின் அழற்சிக்கும் வைரசு காரணமாயிருக்கலாமென வைத்தியர் ஐயுறுகின்றனரேயன்றி முற்றாக நிறுவினாரல்லர். என் பாட்டியாரின் கூற்றும் ஒரு நினைவே, முடிந்த சான்றன்று.

இலங்கையிற் சின்னமுத்துத் தடுப்பூசி 1984 இலும், றுபெல்லாத் தடுப்பூசி 1996 இலும், கூகைக்கட்டையும் உள்ளடக்கிய முக்கூட்டுத் தடுப்பூசி 2011 இலும் தேசியத் திட்டத்திற் சேர்ந்தன. சின்னமுத்தும் றுபெல்லாவும் நாட்டில் ஒழிக்கப்பட்டனவென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் அறிவித்தது. இது பெரும் பேறு. ஆயினும், தடுப்பூசிக்கு முந்திய தலைமுறையினர் இன்று முதுமையெய்திவிட்டனர். அவர்களோடு இவ்வரலாறும் மறையும். விடுமுறையில் ஊர் செல்லும் மலையக மாணவர், முதியவரின் செவிமந்தத்தை வயதின் குறையென்று ஒதுக்காது, அது எந்த வயதில், எந்தக் காய்ச்சலின்பின் வந்ததென வினவிக் குறித்துவைத்தல் வேண்டும். பதிவேடு எழுதாது விட்டதை எழுத நமக்கு எஞ்சியிருக்கும் காலம் குறுகியது.