காசநோய்த் தடுப்பூசியின் வரலாறும் நமது பகுதியும்



சிட்லபாக்கத்தை அடுத்துள்ள தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் நம்மில் பலர் அன்றாடம் ஏறி இறங்குகிறோம். ஆயினும் அப்பெயரின் காரணத்தை நமது இளைஞர்களில் பலர் அறியார். காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும் அளித்து நோயாளிகளைப் பராமரிப்பதற்காக, 1928 ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரி முத்து அவர்கள் இங்கு நிறுவிய மருத்துவ இல்லமே அது. 1937 இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது.

அதே காலத்தில் பிரான்ஸ் நாட்டில் வேறொரு முயற்சி பலனளித்திருந்தது. கால்மெட், கெரான் என்ற இரு அறிஞர்கள், 1908 முதல் 13 ஆண்டுகள், மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தைக் குன்றச் செய்தனர். அதுவே நம் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசி. 1948 இல் கிண்டியில் இதற்கான தயாரிப்புக் கூடம் அமைந்தது. மூதறிஞர் ராஜாஜி போன்றோர் 1955 இல் இதனைக் கடுமையாக எதிர்த்ததும் உண்டு.

இதன் பலனை அறிய 1968 இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மாபெரும் சோதனை தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு சாராருக்குத் தடுப்பு மருந்தும், மறு சாராருக்கு வெறும் திரவமும் செலுத்தி, பல்லாண்டுகள் கண்காணித்தனர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை 1979 இல் ஒளிக்காமல் வெளியிட்டனர். குழந்தைகளின் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோய்க்கு அது நல்ல காப்பு என்பதால் இன்றும் போடப்படுகிறது.

தோலைத் தாக்கும் தொழுநோய்க்கும் இம்மருந்து ஓரளவு தடுப்பு என்பது பின்னர் தெரிந்தது. இதே மாவட்டத்தில் 1991 இல் தொடங்கிய மற்றொரு சோதனையில் அக்காப்பு சுமார் 34 சதவீதம் எனக் கணக்கிடப்பட்டது.

இவற்றினும் வியப்பானது, 1976 இல் கனடாவின் டாக்டர் மொராலெஸ் வெளியிட்ட செய்தி. சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகள் 9 பேருக்கு, வாரம் ஒருமுறையாக ஆறு வாரங்கள், மெல்லிய குழாய் வழியே இம்மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார். கிருமியை எதிர்க்கத் திரண்ட உடலின் எதிர்ப்புச் சக்தி, அங்கிருந்த புற்றுநோய் அணுக்களையும் அழித்தது. தசை வரை பரவாத கட்டியை அகற்றியபின், அது மீளாதிருக்க இன்றும் இதுவே முக்கியச் சிகிச்சை.

ஜமாஅத்தார்களே! ஒரு நோய்க்கெனத் தேடியது மற்றொரு நோய்க்கு மருந்தாயிற்று. பொறுமையுடன் கையை நீட்டிய நம் மாவட்டத்துக் கிராமத்து ஏழைகளுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. ஆனால் நோயை மறைப்பவருக்கு எந்த ஆராய்ச்சியும் பயன்படாது. வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் ஒருமுறை தென்பட்டாலும், வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இந்நோய்க்குப் புகைபிடித்தலே முதற்காரணம் என்பதால் பீடி, சிகரெட்டைக் கைவிடுங்கள். சிறுநீர்க் கசிவோ குழாயோ உள்ள பெரியவர்கள் தொழுகை கூடாதோ என அஞ்சி ஒதுங்கி இருக்க வேண்டாம். அத்தகைய உபாதை உள்ளோருக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. தயங்காமல் எம்மிடம் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.