பேசச் செய்தலும் பேச விடுதலும்: மனவடுச் சிகிச்சையின் வரலாற்றுப் போக்கு

முன்னுரை

போருக்கும் பேரிடருக்கும் ஆட்பட்டோரின் உள்ளத்தில் நிலைத்துவிடும் காயம் மனவடு எனப்படும். நேர்ந்ததைப் பேசினால்தான் அது ஆறுமா என்னும் வினா இச்சிகிச்சையின் வரலாறு நெடுகிலும் தொடர்கிறது. அவ்வினாவிற்கான விடைகள் 1915 முதல் 2011 வரை மாறியவாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் உலகப்போரும் இரு வழிகளும்

1915இல் சார்லஸ் மையர்ஸ் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையின்வழி 'ஷெல் ஷாக்' என்னும் சொல் மருத்துவ வழக்கில் இடம்பெற்றது. குண்டுவெடிப்பின் அதிர்வே நோய்க்குக் காரணம் என முதலில் கருதப்பட்டது. லண்டனில் லூயிஸ் யீலண்ட், பேச்சிழந்த வீரர்களை மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்தார். ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் பணியாற்றிய ரிவர்ஸ், நினைவை அடக்க முயல்வதே துன்பத்தை நீட்டிக்கிறது எனக் கண்டார். நினைவிலிருந்து தாங்கத்தக்க ஒரு கூறைக் கண்டெடுக்க நோயாளிக்குத் துணைநிற்பது அவரது முறை. எனினும், அத்தகைய கூறு எதுவும் இல்லாத கொடிய அனுபவமுடைய ஓர் அதிகாரிக்கு இம்முறை பயன்படவில்லை என்பதையும் 1918ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவரே பதிவு செய்துள்ளார். பேச்சின் எல்லை அன்றே உணரப்பட்டிருந்தது என்பதற்கு இப்பதிவு சான்றாகும்.

மீள்விவரிப்பு முறையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூல், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறைத் தனி நோயாக ஏற்றது. 1983இல் ஜெஃப்ரி மிட்செல், தீயணைப்போர் போன்ற மீட்புப் பணியாளர்களுக்காகப் பல கட்டங்கள் கொண்ட குழு அமர்வை வகுத்தார். நிகழ்வு முடிந்த சில நாள்களுக்குள் அதனை விவரிக்கச் செய்வது இதன் அடிப்படை. பின்னர் இம்முறை, ஒரே அமர்வாகத் தனிநபர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

1997இல் பிஸ்ஸனும் உடன் ஆய்வாளர்களும் தீக்காயமுற்றோரிடம் நடத்திய ஆய்வு இந்நம்பிக்கையை அசைத்தது. 13 மாதங்களுக்குப் பின் அமர்வு பெற்றோரில் 26 விழுக்காட்டினரிடமும், பெறாதோரில் 9 விழுக்காட்டினரிடமும் அக்கோளாறு காணப்பட்டது. கட்டாய மீள்விவரிப்பைக் கைவிட வேண்டும் எனக் காக்ரேன் மதிப்பாய்வு 2002இல் முடிவுரைத்தது.

தனிமனிதரிலிருந்து சமூகத்திற்கு

யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம், வட இலங்கையின் போரும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் விளைத்த பாதிப்பை ஆராய்ந்து, 2007இல் 'கூட்டு மனவடு' என்னும் கருத்தை முன்வைத்தார். குடும்பமும் ஊரும் சிதைந்து, ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையும் குலைந்த இடத்தில், தனிநபர் சிகிச்சை மட்டும் போதாது. எனவே உறவுகளையும் சடங்குகளையும் சமூகப் பணியாளர்களையும் உள்ளடக்கிய வழிமுறைகளை அவர் வலியுறுத்தினார். அதே ஆண்டில் வெளிவந்த ஐ.நா. சார்ந்த பன்னிறுவனக் குழுவின் வழிகாட்டியும் சமூக ஆதரவை முதன்மைப்படுத்தியது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் பங்கேற்று வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பாதிக்கப்பட்டோரைப் பேச வற்புறுத்தலாகாது எனவும், பேச விழைவோரைச் செவிமடுக்க வேண்டும் எனவும் அறிவுறுத்துகிறது.

முடிவுரை

இவ்வரலாற்றைக் கொடுமையிலிருந்து கருணைக்குச் சென்ற நேர்ப்பாதையாகக் கொள்ளுதல் பொருந்தாது. நல்லெண்ணத்தில் பிறந்த மீள்விவரிப்பு முறையும் சிலருக்குத் தீங்கு விளைத்திருக்கலாம் என்பதை ஆய்வே வெளிப்படுத்தியது. பேச்சு தன்னளவில் மருந்துமன்று, நஞ்சுமன்று. எப்போது, யாரிடம் பேசுவது என்பதைத் துன்புற்றவரே முடிவு செய்ய வேண்டும் என்னும் தெளிவே இந்நூற்றாண்டு ஈட்டிய பயனாகும்.